மூன்று பேர் கொண்ட தொகுதி

தொகுதி அங்கிள் அளவுக்கு ஓட்டுப் போட்டுத் தோற்ற மனிதர் டெக்சாஸ் மாநிலத்திலேயே கிடையாது. கவர்னர், செனட்டர், நீதிபதி, ஸ்கூல் போர்டு என்று எதை எடுத்தாலும் அவர் தொட்ட பக்கம் மண்தான். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் ஆபீஸ் பாட்லக்கில் சிறந்த பிரியாணிக்குக் கை தூக்கச் சொன்னார்கள். அவர் தூக்கினார். அந்தப் பிரியாணியும் தோற்றது. ஆனால் ஓட்டுச் சாவடியில் தரும் 'நான் ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரை மட்டும் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, பதவியேற்க வந்தவர் போல ஒரு வாரம் நடமாடுவார்.

பிளானோவில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என்னிடம் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. அதே ஆபீசில் வேலை பார்த்த அங்கிளின் மினிவேன்தான் கதி. எனக்கு முன்பே அதில் இருவர் இருந்தார்கள். ஒருவர் செல்வம், மதுரைக்காரர், புதிதாக வீடு வாங்கிய களைப்பில் இருந்தவர். இன்னொருவர் ஷாகுல், கீழக்கரைக்காரர், என் அபார்ட்மெண்டிலேயே மாடியில் வாடகைக்கு இருந்தவர்.

காசு கட்டும் டோல்வேயில் போனால் பதினைந்து நிமிஷத்தில் ஆபீஸ். அங்கிள் டோல்வேயில் ஏற மாட்டார்.

"கோடீஸ்வரனும் நானும் ஒரே ரோட்டுக்கு ஒரே காசு குடுக்கணுமாம். இது வரி இல்லையாம், டோலாம். பேரை மாத்தினா வலிக்காதா?"

ஆகவே பக்கத்திலேயே ஓடும் சர்வீஸ் ரோடு. அதில் வழிநெடுக சிக்னல். முதல் சிக்னலில் வருமான வரி, அடுத்ததில் ஹெல்த் இன்ஷூரன்ஸ், அதற்கடுத்ததில் பெரிய கம்பெனிகளுக்குத் தரும் வரிச்சலுகை. பச்சை விழுந்தாலும் வாக்கியத்தை முடிக்காமல் வண்டி நகராது. பின்னால் ஹாரன் அடித்தால், "பாத்தியா, எதிர்க்கட்சி," என்பார். ரேடியோவில் யாராவது தப்பாகப் பேசிவிட்டால் உடனே அதை அணைத்துவிட்டு மறுப்புரை ஆற்றுவார். முடித்துவிட்டுத் திரும்பப் போடும்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். "பதில் சொல்ல முடியாம ஓடிட்டான்," என்பார் திருப்தியாக.

வெள்ளிக்கிழமைகளில் செனட்டர் ஆபீசுக்கு ஸ்பீக்கரில் போன். இவர் ஓட்டுப் போடாமலே ஜெயித்த செனட்டர். போனை எடுக்கும் பெண்ணிடம் வரிச் சட்டத்தின் ஓட்டைகளை விளக்குவார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, கடைசியில் இவருடைய முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பாள். இவர் அவளுடைய முதுகு வலிக்கு விளக்கெண்ணெய் சிபாரிசு செய்வார். "கட்சிதான் தப்பு, பொண்ணு தங்கம்."

நான் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் கேட்டார். "சம்பளத்துல வரி பிடிக்கறாங்களாம்மா?"

"ஆமா அங்கிள்."

"ஓட்டு இருக்கா?"

"விசாவுல ஏது அங்கிள் ஓட்டு?"

அவருக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "வரி வாங்கிட்டு வாய் குடுக்கலைன்னுதானே சண்டை போட்டு இந்த நாட்டையே ஆரம்பிச்சாங்க? உங்களுக்கு மட்டும் என்ன? நீங்க மூணு பேரும் என் தொகுதி. என் ஓட்டு இனிமே உங்களோடது. எந்த எலெக்‌ஷன் வந்தாலும் கார்ல வாக்கெடுப்பு. மெஜாரிட்டி சொல்றதைத்தான் நான் போடுவேன். சத்தியம்."

அன்றிலிருந்து அவர் தொகுதி அங்கிள். வாக்கெடுப்புகளும் ஒழுங்காக நடந்தன. ஸ்டியரிங் அவர் கையில் இருந்ததால் எல்லாமே ஏகமனதாக அவர் பக்கம்.

பிறகு நூலக வரி வந்தது. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தை வார இறுதியிலும் தொடர்ந்து திறந்து வைக்க, வீட்டு வரியைக் கொஞ்சம் ஏற்றலாமா என்று ஓட்டு மூலம் ஊரைக் கேட்டிருந்தார்கள். அங்கிளுக்கு அது நூலகம் இல்லை, தாய்வீடு. ஊரிலிருந்து புதிதாக வந்து, வேலைக்குப் போக விசா இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அங்கேதான் சனிக்கிழமைகளில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தார். டிரைவிங் டெஸ்ட், டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட், அமெரிக்க வரலாறு எல்லாம் அதில் அடக்கம். வரி தோற்றால் சனிக்கிழமை கதவே திறக்காது. வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பிரச்சாரம் செய்தார். ஒரு வீட்டில் நாய் துரத்தியது. "நாய் இன்னும் முடிவு பண்ணல," என்று அடுத்த ஞாயிறு மறுபடி போனார்.

காரில் என் ஓட்டு அவருக்குத்தான். செல்வம் முடியாது என்றார்.

"அங்கிள், ஏற்கெனவே வந்த வீட்டு வரி நோட்டீஸையே பிரிக்காம வச்சிருக்கேன். இதுக்கு மேல தாங்காது."

பாக்கி ஷாகுல். அவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் முன்சீட்டில் ஒரு டப்பா முறுக்கு.

"என்ன அங்கிள் இது, ஓட்டுக்குப் பலகாரமா? நம்ம ஊரு மாதிரியே ஆரம்பிச்சிட்டீங்க," என்றார் ஷாகுல்.

அங்கிள் முகம் சிவந்து டப்பாவைப் பிடுங்கிப் பின்னால் போட்டார். எலெக்‌ஷன் முடியும்வரை யாருக்கும் முறுக்கு கிடையாது என்று உத்தரவு. பின்சீட்டில் முறுக்கை வைத்துக்கொண்டு தின்னாமல் வருவது என்ன கொடுமை என்று எனக்குத்தான் தெரியும்.

கார் வாக்கெடுப்பு நாள். கடைசி சிக்னலில் ஷாகுல் தொண்டையைக் கனைத்தார்.

"அங்கிள், நீங்கதானே சொன்னீங்க, வாடகைக்கு இருக்கறவனும் வீட்டு வரி கட்டறவன்தான், ஓனர் வாடகையில ஏத்திடுவான்னு?"

"சொன்னேன்."

"நாலு தடவை சொன்னீங்க. எனக்கு இப்பதான் புரிஞ்சுது. என் ஓட்டு வேணாம் பக்கம்."

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன். அங்கிள் எதிர்க்கட்சி என்று சொல்லவில்லை. தன் பிரசங்கத்தாலேயே ஒருவர் மனம் மாறியது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முன்கூட்டியே ஓட்டுப் போடும் சாவடி அந்த நூலகத்திலேயே இருந்தது. ஆபீஸ் விட்டு நேராகப் போனோம். எங்களுக்கு உள்ளே வேலை இல்லை. பார்க்கிங்கில் வண்டியிலேயே உட்கார்ந்தோம். இறங்கப் போனவரை செல்வம்தான் நிறுத்தினார்.

"அங்கிள், ஏதோ வேடிக்கைக்குத்தான் பேசினோம். உள்ள யார் பாக்கப் போறாங்க? உங்க இஷ்டத்துக்குப் போட்டுட்டு வாங்க."

"ஆமா அங்கிள், நாங்க கேக்கவே மாட்டோம்," என்றார் ஷாகுல்.

அங்கிள் கதவைப் பிடித்தபடி நின்றார். "ஜெயிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டு, உள்ள போய் வேற போடறவனைத்தானேப்பா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன்ல திட்டறேன்? அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

அந்தப் பெண்ணை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்தபோது ஸ்டிக்கர் கையில் இருந்தது, நெஞ்சில் இல்லை. "தொகுதி சொன்னபடி போட்டாச்சு," என்று வண்டியை எடுத்தார். சர்வீஸ் ரோட்டில் எல்லா சிக்னலிலும் சிவப்பு. பச்சை விழுந்த அடுத்த நொடியே வண்டி நகர்ந்தது. செல்வம் தானாகவே ரேடியோவைப் போட்டு, யாரோ பேசியதும் அவரைப் பார்த்தார். அங்கிள் அதை அணைக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

முடிவு வந்தது. நூலக வரி ஜெயித்துவிட்டது.

மறுநாள் காலை மினிவேனில் மைசூர்பா வாசனை. அங்கிள் நெஞ்சில் அந்தப் பழைய ஸ்டிக்கர், ஓரம் சுருண்டு, செல்லோடேப்பில் நின்றது.

"அங்கிள், நீங்க எதிர்த்து ஓட்டுப் போட்டவரு," என்றார் செல்வம், வாயில் மைசூர்பாவோடு. "இப்பவும் தோத்துட்டீங்க."

"ஆமாப்பா. இவ்வளவு சந்தோஷமா நான் தோத்ததே இல்ல," என்றார் அவர். "அந்த முறுக்கையும் எடுங்க, நமுத்துப் போறதுக்குள்ள." அன்று ஒரு சிக்னல் முழுக்க நகராமல் நின்றோம். ஹாரன் அடித்த காருக்கும் கண்ணாடியை இறக்கி மைசூர்பா நீட்டினார்.

அந்தச் சனிக்கிழமை அவர் வகுப்பில் ஒரு புது முகம், செல்வத்தின் மனைவி. செல்வம்தான் கொண்டுவந்து விட்டார்.

நான் இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். லிவர்மோர் மலையைத் தாண்டித் தனியாக டிரைவ் பண்ணி வேலைக்குப் போகிறேன். ரேடியோவை யாரும் அணைப்பதில்லை. கிரீன் கார்டு வந்து, சிட்டிசன் ஆகி, ஒரு நாள் எனக்கும் ஓட்டு வரும். யாருக்குப் போடுவேன் என்று இப்போது தெரியாது. ஆனால் உள்ளே நுழைவதற்கு முன் பார்க்கிங்கில் நின்று பிளானோவுக்கு ஒரு போன் பண்ணுவேன். "அங்கிள், இன்னிக்கு நீங்கதான் என் தொகுதி. சொல்லுங்க."