சாயக் கண்டக்டரின் இரும்புச் சட்டி

ஏற்காட்டில் வெள்ளைத் துணி வைத்திருந்த ஒருவரையும் சாயக் கண்டக்டர் நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. கொட்டச்சேட்டிலிருந்து ஒண்டிக்கடை வரும் எங்கள் பஸ்ஸுக்கு அவர்தான் கண்டக்டர். பாதி வழியில் விசில் அடித்து நிறுத்துவார். ஆள் ஏறப் போகிறது என்று பார்த்தால், இறங்கிப் போய், சாயம் காய்ச்ச வேலியோரச் செண்டுமல்லியைப் பறித்துப் பையில் திணித்துக்கொண்டு வருவார்.

"ஏனுங்க, எஸ்டேட் ஆபீசுக்கு நேரமாச்சுங்க!" என்று நான் கத்துவேன்.

"பூ வாடிப் போயிருமுங்களே!"

நாங்கள் வாடினால் பரவாயில்லை.

அவர் சாயம் போட்ட துணியெல்லாம் முதல் அலசலிலேயே வெளுத்தது. கூட ஊறிய பாவத்துக்கு என் பனியன்கள் ஏழுக்கும் மஞ்சள்காமாலை.

அப்பேர்ப்பட்ட மனுஷனிடம் என் மனைவி ஸ்டெல்லா தன் கல்யாணச் சேலையைக் கொடுத்தாள். வெள்ளைப் பட்டு, மலைக் குளிரில் பூஞ்சைப் புள்ளி விழுந்திருந்தது. இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அதையேதான் கட்ட வேண்டுமாம்.

"பட்டர் ஃப்ரூட் கொட்டையில வேகவெச்சா ரோஸ் கலர் வருமுங்க அம்மிணி. புள்ளியே தெரியாது" என்று சத்தியம் செய்தார்.

அன்றைக்கென்று பார்த்து அவருடைய அலுமினியக் குண்டான் ஓட்டை. மனுஷன் இரும்புச் சட்டியில் வேகவைத்துவிட்டார். கொட்டையின் துவர்ப்பில் இரும்பு சேர்ந்தால் ரோஸ் எங்கே வரும்? அடுப்புச் சாம்பல் நிறத்தில் வந்தது சேலை.

"என் கல்யாணத்தையே கருக்கிட்டீங்களே!" என்று அழுதவள், அதன்பின் அவர் பஸ்ஸில் ஏறவே இல்லை. சந்தைக்கும் சர்ச்சுக்கும் நடந்தே போனாள். அவளைக் கண்டால் அவர் பஸ்ஸை நிறுத்திக் கெஞ்சுவார். "ஒரே ஒரு தடவ கட்டிக் காட்டுங்க அம்மிணி. நொம்ப நல்லாத்தான் இருக்கும்." அவள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

போன மழைக்காலத்தில் சேலம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாகக் கிடந்தார். வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்.

"அம்மிணி கட்டுனாங்களா?"

"இல்லீங்க" என்றேன். பாவி நான், ஒரு பொய் சொல்லியிருக்கலாம்.

நாலாம் நாள் போய்ச் சேர்ந்தார். துக்கத்துக்குக் கிளம்பும்போது ஸ்டெல்லா அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சுடுகாடு வரை கொட்டு கொட்டென்று மழை.

வீட்டுக்கு வந்ததும் ஈரச் சேலையை வெள்ளை வாளிக்குள் முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

"சொட்டுச் சாயம் போகலீங்க" என்றாள். வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இப்ப இத யாருகிட்டங்க சொல்றது?"