காது கிளிப்

"கோமளா, கடுகு எந்த டப்பாவுல இருக்குது?"

அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கோமளா காதில் கிளிப்போடு ஹாலில் கண்மூடி உட்கார்ந்திருந்தாள். ஒரு விரலை மட்டும் உயர்த்தினாள். பேசக் கூடாது என்று அர்த்தம்.

அவள் கணவர் திருமலைசாமி பல்லைக் கடித்துக்கொண்டு கைக்கு அகப்பட்டதைப் போட்டார். அது கேழ்வரகு.

கோமளாவுக்கு முடக்குவாதம். விரல் மூட்டெல்லாம் வீங்கி, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாமல் அழுதிருக்கிறாள். பீளமேட்டு டாக்டர் மாத்திரையோடு ஒரு சின்ன மிஷினும் கொடுத்தார். இடது காதில் கிளிப்பை மாட்டினால் லேசான கரண்ட் நரம்பு வழியாகப் போய் வீக்கத்தைக் குறைக்குமாம். ஊசி இல்லை, ஆபரேஷன் இல்லை.

அன்று பம்ப் பட்டறையில் வேலை இருந்ததால் திருமலைசாமி கூடப் போகவில்லை. திரும்பி வந்த கோமளாதான் சொன்னாள்.

"ஏனுங்க, தினமும் காலையில ஒரு மணி நேரம் மாட்டோணுங்க. அதுவரைக்கும் எங்கிட்ட யாரும் பேசப்படாது. ஊட்டுல சத்தமே ஆகாதுங்க."

லேத் சத்தத்துக்கு மேல் கத்தியே பழகிய மனுஷன் என்ன செய்வார்? காலிங் பெல்லின் ஒயரைக் கழற்றினார். சிலிண்டர்காரர் பெல்லை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட, பாதி வெந்த சோற்றோடு அடுப்பு அணைந்தது.

மறுநாள் கேட்டிலேயே நின்று, வந்தவர்களையெல்லாம் உதட்டில் விரல் வைத்துத் திருப்பி அனுப்பினார். பல்லடத்திலிருந்து வந்த அவருடைய அக்கா சென்னியம்மாள் பயந்துபோனாள்.

"ஏன் தம்பி, உள்ள என்னாச்சு?"

"மெதுவாக்கா... கோமளா கண்ண மூடிட்டா."

"ஐயோ, மகராசி போயிட்டியே!"

தெருவே திரண்டுவிட்டது. யாரோ மாலை வாங்க வண்டியைக் கிளப்பினார்கள். அக்கா மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். கோமளா கண்ணைத் திறக்காமல் விரலை உயர்த்தினாள். அக்கா மயங்கி விழுந்தாள்.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்க அவரும் போனார். கோமளாவின் விரல்கள் நன்றாக மடங்கின. அதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. ஆனாலும் நர்ஸ் யுஸ்ராவிடம் கொட்டித் தீர்த்தார்.

"அந்த ஒரு மணி நேரம் ஊட்ட அமைதியா வெக்கறதுக்குள்ள உசுரே போகுதுங்க சிஸ்டர். வேற வழியே இல்லீங்களா?"

யுஸ்ரா திருதிருவென்று விழித்தாள்.

"ஒரு மணி நேரமுங்களா? அஞ்சு நிமிஷந்தானுங்க சார். மாட்டிக்கிட்டே பேசலாம், சமையல்கூடப் பண்ணலாம்னு அன்னிக்கே அம்மாகிட்டச் சொன்னனே!"