தேவானந்தத்தின் சிவப்புக் கிளிப்

மோட்டாரைத் தன்னைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று தேவானந்தம் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். வீட்டில் இருந்ததே அவரும் மனைவி பேபியும்தான். சட்டம் யாருக்கென்று விளக்க வேண்டியதில்லை.

அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்து. பெருமழை பெய்தால் அடையாறு வாசலில் நின்று கூப்பிடாது. நேராகச் சமையலறைக்குள் வந்து பருப்பு டப்பாக்களை மிதக்கவிட்டுப் போகும். பொறுத்துப் பார்த்த தேவானந்தம், தொண்ணூத்தஞ்சாம் வருஷக் கடைசியில் கோவளம் போய், ஒரு பழைய ஃபைபர் போட்டும் அதன் பின்பலகையில் மாட்டுகிற ரெண்டு குதிரைச் சக்தி மோட்டாரும் வாங்கி வந்துவிட்டார். தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். அங்கே நட்டும் போல்ட்டும் அவர் பேச்சைக் கேட்கும். மோட்டார் கேட்கவில்லை.

ஞாயிறு காலை கொல்லைப்புறத்தில், தண்ணீர் டிரம்முக்குள் மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுப்பார். பதினெட்டு தடவை இழுப்பார். மோட்டார் பதினெட்டு தடவை இருமும். பிறகு புகை.

"குடிதண்ணி பிடிக்க வாங்கின டிரம்முங்க அது!" என்றாள் பேபி.

"தண்ணியில்லாம ஓட்டினா மோட்டார் சூடாயிடும்."

"இப்ப நான் சூடாயிட்டேன். துவச்ச துணியெல்லாம் பெட்ரோல் நாத்தம். சர்ச்சுல பக்கத்துல உக்காந்தவ, 'அக்கா, லாரியிலயா வந்தீங்க'ன்றா."

"கொஞ்சம் வாயை மூடு. கவனம் சிதறுது."

"சோக்கை இழுத்துட்டுக் கயித்த இழுத்தா சோக்கா ஸ்டார்ட் ஆவும். நீங்க சோகமா இழுக்கறீங்க. டேங்க் மூடி மேல காத்துத் திருகு ஒண்ணு கீதே, அத்தத் தொறந்தீங்களா?"

"உனக்கு இன்னா தெரியும்? நீ போய்க் கொழம்பு மூடியைத் தொற!"

அவள் உள்ளே போனதும் திருகைத் திறந்தார். சோக்கை இழுத்தார். மோட்டார் கிளம்பியது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மோட்டாரோடு வந்த புத்தகத்தை அவர் புரட்டியதே இல்லை. இட்லி வேகிற நேரத்துக்கு ஒரு பக்கம் என்று பேபி அதை முழுசாகப் படித்திருந்தாள். இது தெரிந்த அன்றே தேவானந்தம் மோட்டாரிலிருந்து சிவப்புக் கிளிப்பைப் பிடுங்கினார்.

நிறுத்தும் பொத்தானுக்கு அடியில் செருகியிருக்கும் சின்னக் கிளிப் அது. ஒரு கயிற்றால் ஓட்டுகிறவர் மணிக்கட்டோடு கட்டியிருக்கும். ஆள் தவறித் தண்ணீரில் விழுந்தால் கிளிப் கழன்று மோட்டார் நின்றுவிடும். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் கிளப்ப முடியாது. கொம்பனுக்குப் பெண்பால் உண்டா என்று தேவானந்தம் யோசிக்கவில்லை. கிளிப்பைச் சட்டைப்பையில் சீசன் டிக்கெட்டோடு வைத்துக்கொண்டு ஆபீஸ் போக ஆரம்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் ஓட்டினா பத்தாதுங்க. நடுவுலயும் ஒரு தபா ஓட்டணும். இல்லாட்டி உள்ள அடச்சிக்கும்."

"என் மிஷின். எனக்குத் தெரியும்."

ஆச்சரியமாக, அதன்பிறகு ஞாயிறுகளில் மோட்டார் ஒரே இழுப்பில் கிளம்பியது. "பாத்தியா, கைராசி!" என்றார். பேபி துணி காயப்போடப் போய்விட்டாள். அதை அவர் சரணாகதி என்று எடுத்துக்கொண்டார்.

ஐப்பசியில் வரவேண்டிய மழை மறுவருஷம் வைகாசியிலேயே கொட்டியது. அவர் தாம்பரத்தில் மாட்டிக்கொண்டார். ரயில் இல்லை, பஸ் இல்லை. பல்லாவரம், பம்மல் வழியாக நனைந்தபடியே நடந்தார். வழியெல்லாம் மனசில் ஒரே காட்சி. மொட்டை மாடியில் பேபி. கையில் கிளிப்போடு இவர். 'வந்துட்டீங்களா!' என்று அவள் அழுகிறாள். அதை நினைத்து நினைத்து நடந்ததில் செருப்பு அறுந்ததுகூடத் தெரியவில்லை.

ஊர் எல்லையில் ரோடு முடிந்து ஆறு ஆரம்பித்தது. எப்படித் தாண்டுவது என்று நின்றவர் காதில் டுபுடுபுவென்று ஒரு சத்தம்.

தண்ணீரில் அவருடைய போட்டு வந்தது. முன்னால் பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, மடியில் ஆட்டுக்குட்டி. பின்னால் புடவையை வரிந்து கட்டி, மோட்டார் கைப்பிடியைப் பிடித்தபடி பேபி.

தேவானந்தம் சட்டைப்பையைத் தடவினார். கிளிப் இருந்தது.

"எப்படிடீ கிளம்பிச்சு?"

"துணி காயப்போடற கிளிப்பு. பாதியா உடைச்சுச் செருவுனேன், கச்சிதமா உக்காந்துக்கிச்சு. ஆறு மாசமா புதங்கிழமை புதங்கிழமை நான் ஓட்டறேனே. இல்லாட்டி உங்க கைராசி எங்கேருந்து வந்துது? ஏறுங்க, மழ வலுக்குது."

ஏறினார். ஏறியதுமே, "தள்ளு, நான் ஓட்டறேன்" என்றார். பேபி நகர்ந்து இடம் கொடுத்தாள். இருபதடி போவதற்குள் ஆகாயத்தாமரைப் புதருக்குள் விட்டார். மோட்டார் விக்கி நின்றது. பேபி அதைத் தூக்கிச் சாய்த்து, தண்ணீரைத் தள்ளும் விசிறியில் சுற்றியிருந்த கொடியைக் காய்கறிக் கத்தியால் அறுத்தெறிந்தாள். ஒரே இழுப்பு. மோட்டார் சூடாகாமல் பின்னால் தண்ணீர் பீச்சுகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தாங்க" என்று அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் மக்கைக் கொடுத்தாள்.

"இது எதுக்கு?"

"போட்டுக்குள்ள சேர்ற தண்ணிய மொண்டு ஊத்துங்க."

ஸ்கூலில் வெள்ள நிவாரண முகாம். வாசலில் மேஜை போட்டு ஒரு கிளார்க் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். பேபியைக் கண்டதும் எழுந்தேவிட்டார். "வாங்கம்மா! எத்தனாவது நடைம்மா இது? படகு ஓட்டி உதவினவங்க பேரைக் கலெக்டருக்கு அனுப்பறோம். உங்க பேர்தான் முதல்ல."

தேவானந்தம் தொண்டையைக் கனைத்தார். "சார், போட்டு என்னுது. மோட்டாரும் என்னுது. என் பேரு தேவானந்தம்."

கிளார்க் பேனாவைத் திறந்துகொண்டு பேபியைப் பார்த்தார். அவள் அதற்குள் அடுத்த நடைக்குக் கயிற்றில் கை வைத்திருந்தாள்.

"எழுதிக்கங்க சார். மீட்கப்பட்டவங்க லிஸ்டுல, ஆட்டுக்குட்டிக்கு அடுத்தாப்ல."