கோந்து சாரும் என் வீட்டுக்காரர் ரத்தமும்

ரத்தம் கொடுக்க வந்தவர்களை லத்தீன் படிக்க வைத்து அனுப்பிய மனிதர் உலகத்திலேயே எங்கள் கோந்து சார் ஒருத்தர்தான். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்து லேபில் அவர்தான் சீஃப். நான் ரிப்போர்ட் கவுண்டர். பாதிரியாராக வேண்டும் என்று இளவயதில் குருமடத்தில் சேர்ந்து, பாதியில் கிளம்பி வந்தவர். பட்டம் கிடைக்கவில்லை, லத்தீன் மட்டும் விடாமல் கூடவே வந்துவிட்டது. நாங்கள் பட்ட பாடு அந்தக் கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

ரத்த வகை பார்க்கும்போது, மருந்துச் சொட்டில் ரத்தம் திரிதிரியாக ஒட்டிக்கொண்டால் அதை வைத்துத்தான் வகையைச் சொல்வார்கள். அப்படி ஒட்டுவதற்குப் பெயர் அக்ளூட்டினேஷன். அந்த வார்த்தை சாருக்கு உயிர். லைசென்ஸுக்காக வகை கேட்டு வந்த ஆட்டோக்காரரைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"லத்தீன்ல குளூட்டன்னா பசைப்பா, கோந்து. 'அட்'னா கிட்டக்க. கிட்டக்க போய் ஒட்டிக்கிறது, அதான் அக்ளூட்டினேஷன்."

"நான் இன்னா குரூப்பு, அத்த சொல்லு சார். வண்டி நோ பார்க்கிங்ல கீது!"

"இரு. ஒட்ட வைக்கிறது அக்ளூட்டினின். அதைக் கிளப்பி விடுறது அக்ளூட்டினோஜன். 'ஜென்'னா கிரேக்கத்துல பிறப்பிக்கிறது."

"ஐயோ நைனா, போலீஸ் வந்துகினு கீறாரு!"

பரோட்டா கடையிலும் இதே கதைதான். மாஸ்டர் மாவை வீசும்போது, "இந்த இழுவை இருக்கே, இதுவும் குளூட்டன்தான். நம்ம ரத்தத்துக்குப் பேர் வச்ச அதே பசை!" என்று கத்தினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதி பரோட்டாவில் கை கழுவினார்கள்.

என் கல்யாணத்தில் மைக்கைப் பிடுங்கி, "மணமக்கள் இருவரும் அக்ளூட்டினேட் ஆகி நீடூழி வாழ்க!" என்று வாழ்த்தினார். என் மாமனார் வெலவெலத்துப் போய் என் அப்பாவிடம், "பொண்ணுக்கு ஏதாவது வியாதியா சம்பந்தி?" என்று கேட்டார். கோந்து என்ற பெயர் அந்த மண்டபத்தில்தான் நிலைத்தது.

போன மார்கழியில் என் வீட்டுக்காரருக்கு விடாத இருமலும் காய்ச்சலும் வந்தது. காய்ச்சல் இறங்கியபின் ஆள் வெளிறிப்போய், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், வகை பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். சாம்பிள் வழக்கம்போல ஐஸ் வைத்த தெர்மோகோல் பெட்டியில் எங்கள் லேபுக்கே வந்தது.

டெக்னீஷியன் சாந்தி பார்த்தாள். ஏ மருந்திலும் ஒட்டியது, பி மருந்திலும் ஒட்டியது. "ஏபி பாசிட்டிவ்க்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் லைசென்ஸில் ஓ பாசிட்டிவ் என்றல்லவா இருக்கிறது! தப்பான ரத்தம் ஏறினால் உயிருக்கே உலை என்று கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரியும். எதை நம்புவது?

சார் வந்தார். மருந்தே இல்லாத வெறும் உப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு ரத்தம் விட்டார். ஒட்டவே கூடாத அதிலும் ஒட்டியது. "பசை! பசை!" என்று துள்ளினார்.

"சார், கெஞ்சிக் கேக்குறேன், இன்னிக்கு லத்தீன் வேணாம் சார்" என்று அழுதேவிட்டேன்.

"அட, அழாதம்மா. நீ மைதா பசை காய்ச்சினதில்லையா? சூட்டுல இளகும், ஆறினா இறுகும். இது குளிர்ல ஒட்டுற பசை. இந்த மாதிரி காய்ச்சலுக்கு அப்புறம் சில பேர் ரத்தத்துல ஊறும். அதைப் போய் ஐஸ்ல வச்சுக் கொண்டாந்திருக்கானுங்க பாரு! சாந்தி, ஏசியை அணை!"

வெந்நீர்த் தொட்டி சூடேறும்வரை பொறுமையில்லை. டியூபைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அடைகாக்கும் கோழி மாதிரி லேபுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் ரத்தத்தை அலசி அலசி மறுபடி பார்த்தார். ஏ மருந்தில் ஒட்டவில்லை. பி மருந்திலும் ஒட்டவில்லை.

"ஓ பாசிட்டிவ்மா. உன் வீட்டுக்காரர் லைசென்ஸ் பொய் சொல்லலை."

அதோடு விடவில்லை. சூடு ஆறாமல் இன்னொரு சாம்பிள் வரவழைத்து மறுபடி பார்த்தார். டாக்டருக்குப் போன் போட்டு, ஏற்றுகிற ரத்தத்தை வெதுவெதுப்பாக்கி ஏற்றுங்கள், ஆளைப் போர்த்தி வையுங்கள் என்றார். டாக்டரும், "நல்லவேளை சார், சொன்னீங்க" என்று அப்படியே செய்தார்.

ரத்தம் ஏறி, வீட்டுக்காரர் முகத்தில் களை திரும்பி, "பசிக்குதுடி" என்று கேட்ட அன்று சார் வார்டுக்கு வந்தார். நான் அழுததை மனதில் வைத்திருந்தார் போல. ஒரு வார்த்தை லத்தீன் பேசவில்லை. "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உட்காருங்க சார். இவருக்கு என்ன ஆச்சுன்னு முதல்லேருந்து சொல்லுங்க. அந்த லத்தீனையும் சேர்த்து."

சார் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! குரலைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். போர்வைக்குள் கிடந்த என் வீட்டுக்காரரின் கை சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சார் முடிக்கவே கூடாது என்றிருந்தது எனக்கு.