பத்து மணியில் நின்ற சூரியன்

மனித இனம் இதுவரை சூரியனை வணங்கியிருக்கிறது, ஆராய்ந்திருக்கிறது, குடை பிடித்துத் தடுத்திருக்கிறது. அதைக் குழுத் தீர்மானத்துக்குக் கட்டுப்பட வைத்த பெருமை மட்டும் எங்கள் அறிவியல் மையத்தையே சேரும். அந்தச் சாதனையில் 'தலைமை விளக்குநர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நானும் பங்கெடுத்தேன் என்பதை அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

ஒரு சின்னச் சிக்கலில்தான் எல்லாம் தொடங்கியது. 'தொட்டுப் பார்த்துத் தெளிவோம்' என்ற குடும்ப அறிவியல் நாளுக்காக அரங்க மேடையில் ஒரு பெரிய சூரியக் கடிகாரம் வைத்தோம். வட்டப் பலகை, அதில் மணிக் கோடுகள், நடுவில் சாய்வாக ஒரு முக்கோணத் தகடு. தகட்டின் நிழல் எந்தக் கோட்டில் விழுகிறதோ அதுதான் மணி. இதைவிட எளிய கருவி கிடையாது. சாவி வேண்டாம், பேட்டரி வேண்டாம். மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். அது மணி காட்டவில்லை.

நிழல் விழாமல் இல்லை. எட்டு நிழல் விழுந்தது. எட்டும் வெளிறிப்போய், எட்டுத் திசையில், காலையிலிருந்து மாலைவரை அசையாமல் கிடந்தன.

அது ஏன் அரங்கத்துக்குள் இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். மூன்றாவது கூட்டத்தின் தீர்மானத்தை அப்படியே தருகிறேன்: "வெளியில் வெயில் கடுமையாக இருப்பதால், பொதுமக்கள் நலன் கருதி, சூரியக் கடிகாரப் பயிற்சியை வெயில் படாத இடத்தில் நடத்துவது என ஒருமனதாக முடிவு செய்யப்பட்டது." அந்த ஒருமனதில் என் மனதும் உண்டு.

விடையைக் கண்டுபிடித்தவர் மையத்தின் ஒப்பந்த எலெக்ட்ரீஷியன். ஏணியில் நின்றபடியே சொன்னார்.

"சார், மேல எட்டு பல்பு எரியுது. எட்டு நிழல் விழாம என்ன பண்ணும்? ஒண்ணே ஒண்ணு வச்சா ஒரு நிழல் விழும்."

எங்கள் செயலாளர் மேசையைத் தட்டினார். "பிரமாதம்பா! அந்த ஒண்ணை நீயே ஏற்பாடு பண்ணிடு."

இப்படித்தான் எங்களுக்குச் சூரியன் கிடைத்தது. சக்கரம் வைத்த உயரமான கம்பியில் ஒரு ஃபோகஸ் லைட். நிழல் ஒவ்வொரு மணிக் கோட்டிலும் விழ விளக்கு எங்கே நிற்க வேண்டுமோ, அங்கே தரையில் சாக்பீஸ் அடையாளம். எலெக்ட்ரீஷியன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து விளக்கைத் தள்ளுவார். சூரியக் கடிகாரம் சரியான மணி காட்டும். கைக்கடிகாரத்தையே பார்த்துவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் அறிவியல் மனப்பான்மை இல்லாதவர்கள்.

எலெக்ட்ரீஷியனுக்கு எங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் இருந்தது. "போட்டியில என் வீட்டையும் சேத்துக்கோங்க சார். என் பொண்ணு ஆறு மாசமா கண்ணாடி கோலியை எறும்பு மேல புடிச்சுப் பாத்துக்கிட்டே இருக்கா." மிகச் சரியான சூரியக் கடிகாரம் செய்யும் குடும்பத்துக்கு ஒரு மைக்ரோஸ்கோப் பரிசு. செயலாளர் பெரிய மனதுடன் சேர்த்துக்கொண்டார். நாற்பத்தொன்றாவது குடும்பம். மேசைகள் நாற்பது.

அறிவியல் நாளன்று காலை ஒன்பது மணிக்குக் குடும்பங்கள் வந்தன. 'திரை இல்லாத நாள்' என்பதால் போன்களை வாசலில் ஒரு கூடையில் வாங்கி வைத்தோம். பார்த்து எழுதிவிடுவார்கள் என்று கைக்கடிகாரங்களையும் வாங்கிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினோம். எட்டு பல்புகளையும் அணைத்துக் கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் மணிக் கோடு அச்சிட்ட அட்டை, ஒரு முக்கோணம், வடக்கு பார்க்க ஒரு காந்த ஊசி. எலெக்ட்ரீஷியனின் மனைவியையும் மகளையும் மட்டும், "மேசை காலியானதும் கூப்பிடுறோம்" என்று வெளி முற்றத்தில் உட்கார வைத்தோம்.

உள்ளே உடனே ஒரு சந்தேகம் கிளம்பியது. "சார், மேடையில ஒன்பதரை காட்டுது. எங்க மேசையில மூணு காட்டுது!"

விளக்குவது என் கடமை. உண்மைச் சூரியன் வெகு தூரத்தில் இருக்கிறது. அதனால் அதன் கதிர்கள் எல்லா மேசைக்கும் ஒரே திசையிலிருந்து வரும். எங்கள் சூரியன் இருபதடி தூரத்தில் இருந்தது. மேசைக்கு மேசை திசை மாறத்தான் செய்யும். இதையெல்லாம் விளக்கிவிட்டுத் தீர்வையும் சொன்னேன்: "மேடையோட ஒத்துப் போற வரைக்கும் அட்டையைத் திருப்புங்க."

நாற்பது அட்டைகளும் நாற்பது திசையில் திரும்பி ஒரே மணியைக் காட்டின. கருத்தொற்றுமை என்றால் என்ன என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

தலைமை விருந்தினர் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. விளக்கு பத்து மணி அடையாளத்துக்கு வந்தது. அவர் வரவில்லை. செயலாளர் எலெக்ட்ரீஷியனின் காதருகே போனார்.

"ஏம்பா, அப்படியே நிறுத்து."

"எதை சார்?"

"சூரியனை. ஐயா வந்ததும் தள்ளிக்கலாம்."

"சார், என் வாட்ச்சு ஓடுதே சார்."

"அதைக் கழட்டிப் பைக்குள்ள போடு. அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் என் மேசைக்குத்தான் வரும், ஞாபகம் இருக்கட்டும்."

எலெக்ட்ரீஷியன் விளக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சக்கரம் உருண்டுவிடக் கூடாது என்று இன்னொரு பக்கம் நான் பிடித்துக்கொண்டேன். பத்து மணி ஆனது. பிறகு மறுபடியும் பத்து மணி ஆனது.

"பத்து மணிக்கே எப்படி சார் இவ்வளவு பசிக்குது?" என்று ஒரு தாத்தா கேட்டார்.

"மூளை வேலை செஞ்சா பசிக்கும்," என்று விளக்கினேன்.

ஒருவழியாகத் தலைமை விருந்தினர் வந்தார். மேடையேறினார், நிழலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "சரியாகப் பத்து! நான் நேரம் தவறாதவன் என்பதற்கு இந்த நிழலே சாட்சி. மனிதன் பொய் சொல்வான், அறிவியல் சொல்லாது." எல்லாரும் கைதட்டினார்கள். எலெக்ட்ரீஷியனுக்கும் எனக்கும் கை காலியாக இல்லை.

அடுத்து மதிப்பீடு. நாற்பது அட்டைகளும் பத்து மணி காட்டின. அப்போதுதான் முற்றத்திலிருந்து எலெக்ட்ரீஷியனின் மனைவி மகளையும் கூட்டிக்கொண்டு அட்டையோடு உள்ளே வந்தார். தையல்காரர். தையல் சாக்கட்டியால் நிழல் விழுந்த இடமெல்லாம் கோடு இழுத்திருந்தார். ஊசியை வைத்து அட்டையை வடக்குப் பார்த்து வைத்தவர், அதற்குப் பிறகு அதைத் திருப்பவே இல்லையாம். கடைசிக் கோடு பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அதன் பக்கத்தில் மகள் எழுதியிருந்தாள்: 'பெரிய கார் வந்தது.'

செயலாளர் அட்டையைத் தள்ளினார். "தப்பும்மா. ரெண்டு மணி நேரம் தப்பு."

"எங்க தப்பு? வெயில்ல வச்சேன், விழுந்த நிழலைக் கோடு போட்டேன். துணியை வளைக்கலாம் சார், அளவை வளைக்கக் கூடாது."

"அதெல்லாம் விளக்குநர் விளக்குவாரு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விளக்கினேன். "சூரிய நேரம் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும்மா."

"முற்றத்துக்கும் மேடைக்கும் ரெண்டு மணி நேரமா? அப்போ நான் வெளிய நின்னு சோறு ஆக்கினா உள்ள ஆறிடுமா?"

தாத்தா சத்தமாகச் சிரித்துவிட்டார். தையல்காரர் கணவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, உங்க கையில வாட்ச் இருக்குமே. பாத்து மணி சொல்லுங்க."

"பைக்குள்ள இருக்கு."

"பைக்குள்ள என்ன பண்ணுது? கையைக் கடிச்சிடுச்சா?"

எலெக்ட்ரீஷியன் செயலாளரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பரிசு மேசையில் இருந்த மைக்ரோஸ்கோப்பைத் தொடாமல், அதன் குழாய்க்கு நேராக ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலெக்ட்ரீஷியன் குனிந்து விளக்கின் வயரைப் பிடுங்கினார்.

அரங்கம் இருண்டது. நாற்பது கடிகாரங்களும் ஒரே நொடியில் செத்தன.

"என்னப்பா ஆச்சு?" செயலாளர் அலறினார்.

"சூரியன் ஃபியூஸ் போயிடுச்சு சார். வெளிய ஒண்ணு ஸ்பேர் இருக்கு."

தலைமை விருந்தினருக்குக் கடிகாரத்தோடு புகைப்படம் எடுத்தாக வேண்டும். பெரிய பலகையை ஒரு பக்கம் எலெக்ட்ரீஷியன் தூக்க, இன்னொரு பக்கம் நான் தூக்கினேன். குடும்பங்கள் அட்டைகளோடு பின்னால் வந்தன. தையல்காரர் ஊசி வைத்து வடக்கைக் காட்டினார். பலகையை வைத்தோம். சுற்றிலும் நாற்பத்தோரு அட்டைகளையும் அதே திசையில் தரையில் வைத்தார்கள். இந்த முறை யாரும் எதையும் திருப்பவில்லை. நாற்பத்திரண்டு நிழலும் ஒரே பக்கம், பன்னிரண்டரையில் விழுந்தன.

சூரியக் கடிகாரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் கால் மணி, அரை மணி முன்பின் இருக்கலாம் என்று விளக்க வாயைத் திறந்தேன். யாரும் கேட்கவில்லை. எல்லாரும் தலைமை விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் புகைப்படம் எடுக்கவில்லை. மைக்ரோஸ்கோப்பை எலெக்ட்ரீஷியனின் மகள் கையில் வேகமாகத் திணித்துவிட்டுப் பெரிய காரைத் தேடிப் போனார். அவள் முற்றத்திலேயே உட்கார்ந்து ஓர் எறும்பைத் தேட ஆரம்பித்தாள்.

சூரியக் கடிகாரம் மூன்று நாள் ஏன் வேலை செய்யவில்லை என்று மறுநாள் செயலாளர் என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். தவறுக்குக் காரணமாக எலெக்ட்ரீஷியனின் பெயரை அதில் சேர்க்கச் சொன்னார். நான் சேர்க்கவில்லை. இரண்டு வரிதான் எழுதினேன்: "சூரியக் கடிகாரத்தை வெயிலில் வைத்தால் அது வேலை செய்யும். நேற்று அது இரண்டு மணி நேரம் பொய் சொன்னதற்குக் காரணம், விளக்குக் கம்பியை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்."