பெயர் கேட்காத ஜன்னல்

"ஒருத்தர் கூடவா வரலை?" என்று மனநலத் துறைத் தலைவர் மூன்றாவது முறையாகக் கேட்டார்.

"ஒருத்தர் கூட வந்த மாதிரி தெரியலை சார்," என்றான் மூணாம் வருஷம்.

மூணாம் வருஷம் என்பதுதான் அங்கே அவன் பெயர். சிறப்புப் பயிற்சிக்கு வரும் டாக்டர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் கெட்ட பழக்கம் அந்தத் துறையில் இல்லை. முதல் வருஷம் எடுபிடி, இரண்டாம் வருஷம் ஓட்டப்பந்தயம், மூணாம் வருஷம் இடிதாங்கி. கடைசித் தேர்வு எழுதித் தேறினால் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

துறையில் மொத்தம் பதினொரு சிறப்புப் பிரிவுகள். தூக்கம் வராதவர்களுக்கு ஒன்று, மறதிக்கு ஒன்று, கோபத்துக்கு ஒன்று, குடியை நிறுத்த ஒன்று. தலைவர் எங்கேயாவது மாநாட்டுக்குப் போய்விட்டு வந்தால் ஒரு பலகை கூடும். கடைசியாகக் கூடிய பலகை 'மருத்துவர் மனநலப் பிரிவு'. வேலை பார்த்து நொந்துபோன டாக்டர்கள் வந்து மனம்விட்டுப் பேசுவதற்கு. திறந்து மூன்று மாதமாகிறது. டாக்டர்கள் வாடியதென்னவோ உண்மை, வந்ததுதான் இல்லை.

"மூணு மணிக்கு ஆய்வுக் குழு வருது. பதிவேட்டுல அஞ்சு பேராவது இருக்கணும். இல்லைன்னா உன்னைத் தேர்வு எழுத விடமாட்டாங்க. அடுத்த வருஷமும் நீ மூணாம் வருஷம்தான்," என்றார் தலைவர். அதை ஆறுதலாகத்தான் சொன்னார்.

மணி ஒன்பது. சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா. அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான்.

அந்தப் பிரிவின் விதிகளை எழுதியதே அவன்தான். டாக்டர்கள் கூச்சப்படுவார்களே என்று ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தான். உள்ளே பதிவேட்டு அக்கா இருப்பாள். "டாக்டர்தானே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பாள். ஆமாம் என்றால், வந்தவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்வாள். பெயர் கிடையாது, எண் மட்டும். யார் வந்தார்கள், வந்தார்களா என்பதையெல்லாம் ஆய்வுக் குழுவைத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாது. அக்கா இருபத்தைந்து வருஷம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்துவிட்டு வந்தவள். விதி என்றால் விதி.

"அக்கா, யாராவது வந்தாங்களா?"

"டாக்டர்தானே?"

"நான்தான் அக்கா."

"டாக்டர்தானே?"

"ஆமாக்கா."

"வந்தாங்களான்னு சொல்லக் கூடாதுங்க. விதி ஒன்பது."

"அதை எழுதினதே நான்தானே."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

அவன் திரையில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் புலம்பினான். அக்காவிடம் ஒரு நல்ல குணம், குறுக்கே பேசமாட்டாள். அவள் பாட்டுக்கு உள்ளே ஏதோ வேலையாக இருந்தாள்.

புலம்பியதில் ஒரு யோசனை வந்தது. டாக்டர்கள் சாப்பிடும் அறையின் வாசலில் பெரிதாக ஒரு தாள் ஒட்டினான்: 'டாக்டர், உங்கள் மனம் நலமா? இந்த வழியாக வாருங்கள்.' கீழே ஓர் அம்புக்குறி. அரை மணி நேரத்தில் மருத்துவமனையே அந்த வழியாகப் போவதை நிறுத்திவிட்டது. ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக வேண்டியவர்கள்கூடத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அம்புக்குறிப் பக்கம் போனால் பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமாம். சொன்னவர்கள் எல்லாம் படித்த டாக்டர்கள்.

ஜன்னலுக்கு ஓடினான், புலம்பினான், திரும்பி வந்து தாளைக் கிழித்தான். கிழித்த வேகத்தில், கூச்சம் போகட்டும் என்று பிரிவின் பலகையையும் கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தான்.

அப்போதுதான் எலும்பு டாக்டர் வந்தார். மூன்று மாதத்தில் தானாக வந்த ஒரே புண்ணியவான். பலகையைக் காணாமல் பக்கத்துக் கதவைத் திறந்து நுழைந்துவிட்டார். அது குடியை நிறுத்தும் பிரிவு. அங்கே முதல் வருஷம் ஆள் கிடைக்காமல் காத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீங்க?"

"நான் குடிக்கவே மாட்டேன் தம்பி."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. மறுக்கறதுதான் முதல் அறிகுறி. உட்காருங்க."

நாற்பது நிமிடம் கழித்து எலும்பு டாக்டர் வெளியே வந்தார். முகம் சிவந்து, கை நடுங்கியது. அதையும் முதல் வருஷம் குறித்துக்கொண்டான். அவர் நேராகத் தலைவரிடம் போனார், தலைவர் மூணாம் வருஷத்தைக் கூப்பிட்டார், இருபது நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு மூணாம் வருஷம் ஜன்னலுக்குப் போனான். போகிற வழியில் அம்மா மறுபடி கூப்பிட்டாள். அணைத்தான்.

இனி நண்பன்தான் கதி. அறை நண்பன் மயக்க மருந்துத் துறையில் மூணாம் வருஷம், நின்றுகொண்டே தூங்கக்கூடியவன். அவனுக்குப் போனில் செய்தி தட்டினான்: 'உன் மனநிலை சரியில்லைனு எனக்கு நல்லா தெரியும். வெளியில சொல்லமாட்டேன். மூணு மணிக்குள்ள வந்து சேரு.'

அனுப்பிய பிறகுதான் பார்த்தான். செய்தி நண்பனுக்குப் போகவில்லை. மருத்துவமனையின் எல்லா டாக்டர்களும் இருக்கும் குழுவுக்குப் போயிருந்தது. முதல் பதில் மருத்துவமனை இயக்குநரிடமிருந்து வந்தது: 'யாரைச் சொல்கிறீர்கள்?'

அழித்தான். அழித்ததை எல்லாரும் பார்த்தார்கள். விளக்கம் எழுதினான். அது அழித்ததைவிட மோசமாக இருந்தது. மறுபடி ஜன்னலுக்குப் போனான், அங்கிருந்து தலைவரிடம், தலைவரிடமிருந்து ஜன்னலுக்கு என்று நாலு தடவை போய்ப் புலம்பினான். அதற்குள் மணி மூன்றாகிவிட்டது.

ஆய்வுக் குழுவின் தலைவி ஜன்னலுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பதிவேட்டைத் திறந்தார். மூணாம் வருஷம் கண்ணை மூடிக்கொண்டான்.

"ஏழு பேர். பரவாயில்லையே," என்றார்.

மூணாம் வருஷம் கண்ணைத் திறந்தான். வந்திருக்கிறார்கள். அவனுக்குத் தெரியாமல், தோட்டத்தைச் சுற்றிக்கொண்டாவது வந்திருக்கிறார்கள். நண்பன் வந்திருப்பான். பாவம், எலும்பு டாக்டர்கூட மனசு மாறி வந்திருக்கலாம். தலைவர், எல்லாம் தன் ஏற்பாடு என்பது போல் மீசையைத் தடவினார்.

"நான் படிக்கிறேன், நீங்க உங்க கருத்தைச் சொல்லுங்க டாக்டர்," என்றார் தலைவி. "முதல் ஆள். 'காலையில பல் தேய்ச்சேனான்னே ஞாபகம் இல்லை.'"

"தூக்கம் போதலை மேடம். கவனம் சிதறிடுச்சு."

"மூணாவது. 'எல்லாரும் என்னைப் பார்த்தா ஒதுங்கிப் போறாங்க.'"

"சந்தேக நோயோட ஆரம்பம். யாரும் ஒதுங்கியிருக்க மாட்டாங்க, அவரா நினைச்சுக்கறார்."

"அஞ்சாவது. 'ஒண்ணைச் சரி பண்ணப் போனா ஒம்பது கெட்டுப் போகுது.'"

"தன்னம்பிக்கை சுத்தமா இல்லை."

தலைவி தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் அவனுக்குத் தேர்வு மண்டபமே தெரிந்தது.

"ஏழாவது," என்று அவர் பக்கத்தைத் திருப்பினார். "'அம்மா போனை எடுக்கவே பயமா இருக்கு. எடுத்தா அழுதுடுவேன்.'"

அந்த மருத்துவமனையில் முக்கால்வாசிப் பேர் சொல்லக்கூடியதுதான். ஆனாலும் இது நண்பன்தான் என்று நினைத்து அவனுக்கு மனசு கனத்தது. இவ்வளவு கஷ்டத்தைப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறானே. அவனைக் காப்பாற்றியே தீருவது என்று நிமிர்ந்தான்.

"இவரை உடனே வேலையை விட்டு நிறுத்தணும் மேடம். இந்த வருஷம் தேர்வு எழுத விடவே கூடாது. ஆறு மாசம் வீட்டுக்கு அனுப்பணும். வேண்டாம்னு கெஞ்சுவார், கேட்கக் கூடாது. மறுக்கறதுதான் முதல் அறிகுறி."

"நல்ல டாக்டர். எழுதிக் கையெழுத்துப் போடுங்க," என்றார் தலைவி.

அவன் எழுதினான். அழகாகக் கையெழுத்துப் போட்டான். அதற்குக் கீழே தலைவரும் போட்டார், குழுத் தலைவியும் போட்டு முத்திரை குத்தினார்.

"இன்னிக்கே அனுப்பிடலாம். ஆய்வுக் குழுவுக்குச் சொல்லலாம்னு விதி இருக்கே. யாரும்மா அந்த ஏழாம் நம்பர்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து பதிவேட்டு அக்காவின் குரல் வந்தது.

"ஏழாம் நம்பர் மட்டும் இல்லீங்க, ஒண்ணுலேர்ந்து ஏழு வரைக்கும் ஒரே டாக்டர்தான், இப்ப தனக்குத்தானே லீவு எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கிட்டாரு."