ஞானசுந்தரம் வீட்டு விருந்தாளிகள்

மனித உறவுகளுக்கு இலக்கணம் எழுதிய பெருமை சீனர்களுக்கு உரியது. அந்த இலக்கணத்தைப் பாரிசில் அமல்படுத்திய பெருமை, லா சப்பல் பகுதியில் ரூ பெர்தொனே தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஞானசுந்தரத்துக்கு உரியது. இரண்டாவது பெருமையை உலகம் இன்னும் கவனிக்கவில்லை. உலகத்துக்கு எப்போதும் அவசரம்.

அவருக்குச் சீனம் தெரியாது. அது ஒரு தடையாக இருக்கவில்லை. பதின்மூன்றாம் வட்டாரத்துச் சீனக் கடையில் அரிசி எடுக்கப் போனபோது ஒரு பிரெஞ்சுப் புத்தகம் கையில் அகப்பட்டது. மனிதர் ஒருவரோடொருவர் எப்படிப் பழக வேண்டும் என்பதைப் பற்றிய சீன நான்கெழுத்துத் தொடர்கள், விளக்கத்துடன். திரும்பும் வழியில் சிவப்பு விளக்கில் கடையின் வான் வண்டி நின்ற போதெல்லாம் படித்தார். பச்சை விழுந்த பின்னும் படித்தார். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்து அவரை வாழ்த்தினார்கள். லா சப்பலை அடைந்தபோது அவர் ஞானி.

முதல் சீர்திருத்தம் கடையில் நடந்தது. ஒரே படகில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு தொடர் இருந்தது. அதைத் தொழிலாளர்களுக்கு விளக்கி முடித்தபோது அவர்களுடைய ஞாயிறு லீவு போய்விட்டது.

"படகு சரி அண்ணை," என்றான் கொத்துரொட்டி போடும் றொஜர். "துடுப்பு ஏன் எங்கட கையிலை மட்டும் கிடக்கு?"

"நான் திசை பாக்கிறன், தம்பி."

இரண்டாவது சீர்திருத்தம் 'முகம் காத்தல்'. பிறர் முன்னால் எவருடைய முகமும் வாடக் கூடாது. இதன்படி வாடிக்கையாளர் முன்னால் ஞானசுந்தரத்தைத் திருத்துவது தடைசெய்யப்பட்டது. புத்தகத்தில் இருந்த தொடர்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் அவருக்குச் சாதகமாகவே முடிந்தன. பழைய சீனர்கள் அவரை மனதில் வைத்தே எழுதியிருக்க வேண்டும்.

இத்தகைய அறிவு ஒரு கடைக்குள் அடங்காது. 'லா சப்பல் மனித உறவு மேம்பாட்டு மன்றம்' பிறந்தது. தலைவர் ஞானசுந்தரம். செயலாளர் லூர்துசாமி, பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சு அரசு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முதல் பொதுக்கூட்டம் ஞாயிறு மாலை, ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு மண்டபத்தில். பொருள்: இல்லற உறவு. உதாரணம்: தலைவரின் இல்லறம்.

உதாரணத்தின் மற்றப் பாதி மிருணாளினி, தலைவரின் மனைவி. கடையின் பின்கட்டில் காலை தொடங்கிக் கடை பூட்டும்வரை றோல்ஸ் பலகாரம் உருட்டுபவர். சம்பளச் சீட்டில் அவர் பெயர் இல்லை. "வீட்டு ஆளுக்கு என்னத்துக்குப் பப்பியே, கடுதாசி?" என்பது தலைவரின் கருத்து.

"இஞ்சாருங்கோ, திரான்சி கிறெஷ்ஷிலையிருந்து திரும்பவும் ரெலிபோன் எடுத்தவை," என்றார் மிருணாளினி. "பிள்ளையளைப் பாக்கிற வேலை. சி.டி.ஐ., நிரந்தர வேலை. திங்கட்கிழமைக்குள்ளை மறுமொழி சொல்லோணுமாம்."

"கூட்டம் முடியட்டும். நான் உறவுகளைப் பற்றி யோசிச்சுக்கொண்டிருக்கிறன். குழப்பாதையும்."

இதை அவர் மூன்று கிழமையாகச் சொல்லி வந்தார்.

சனி காலை, கடைக்கு மேலேயுள்ள வீட்டில், அவர் புத்தகத்தை விரித்தார். கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் விருந்தாளிபோல மதிக்க வேண்டும் என்று ஒரு தொடர் சொன்னது. நாளைய பேச்சுக்கு முன் ஒத்திகை தேவைப்பட்டது.

"இண்டையிலிருந்து நீர்... நீங்கள் எனக்கு விருந்தாளி."

"நீங்கள்?"

"நான் உங்களுக்கு விருந்தாளி."

மிருணாளினி கொஞ்சம் யோசித்தார். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு செற்றியின் நுனியில் அமர்ந்தார்.

"தேத்தண்ணி?" என்றார் ஞானசுந்தரம். வழக்கமாகக் கேட்கும் தொனியில்தான் கேட்டார்.

"ஐயோ, வேண்டாம். உங்களுக்கு ஏன் சிரமம்."

அந்தப் பணிவு அவரைத் தொட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி கேட்டது தனக்கு என்பது நினைவுக்கு வந்தது.

"எனக்கு ஒண்டு..."

"வந்த ஆக்களிட்டை ஆரும் தேத்தண்ணி கேப்பினமோ?"

தலைவர் குசினிக்குள் போனார். பல கதவுகள் திறந்து மூடப்பட்டன.

"தேயிலை எங்கை இருக்கு?"

"எனக்கு என்னெண்டு தெரியும்? நான் இப்பதானே வந்தனான்."

அன்று அவர் சுடுதண்ணீர் குடித்தார். தத்துவம் வேலை செய்கிறது என்பதில் அவருக்கு ஐயம் இல்லை.

ஞாயிறு மத்தியானம் றொஜர் தொலைபேசியில் வந்தான். "அண்ணை, கூட்டத்துக்கு றோல்ஸ் ஆர் உருட்டுறது? அக்கா இறங்கி வரேல்லை."

"அக்கா விருந்தாளி."

"அப்ப துடுப்பு?"

தலைவர் தொடர்பைத் துண்டித்தார்.

மண்டபம் நிறைந்திருந்தது. தலைவர் பேச்சைக் கேட்கவும், மிருணாளினியின் றோல்ஸைத் தின்னவும் வந்த கூட்டம். இரண்டாவது வகையினர் பெரும்பான்மை. மிருணாளினி பட்டுச்சேலையில் முன்வரிசையில் இருந்தார். மடியில் அதே கைப்பை. தலைவர் சீனர்களில் தொடங்கித் தன் வரவேற்பறையில் முடித்தார். கைதட்டல் எழுந்தது. எல்லோரும் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மேசையில் விரிப்பு இருந்தது.

லூர்துசாமி எழுந்தார். "மன்னிக்கணும் மொசியே பிரெசிதான். ஒரு சின்ன கெஸ்தியோங். மதாம் உங்களுக்கு விருந்தாளி. நீங்க மதாமுக்கு விருந்தாளி. அப்போ வீட்டுக்காரர் யாருங்க?"

தலைவர் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார். பின்னாலிருந்தும் புரட்டினார். சீனர்கள் இந்த இடத்தில் கைவிட்டுவிட்டார்கள்.

மிருணாளினி கையை உயர்த்தினார்.

"நான் சொல்லட்டோ, தலைவர் ஐயா? கலியாணம் கட்டின நாளிலையிருந்து அந்த வீட்டிலை ஒரு விருந்தாளிதான். வருவார். சாப்பிடுவார். நல்லாயிருக்கெண்டு சொல்லி எழும்பிக் கை கழுவுவார். தேயிலைப் பேணி எங்கை இருக்கெண்டு தெரியாது. வீட்டுக்காரியா நான் இருந்தனான். நேற்று நீங்கள் என்னையும் விருந்தாளி ஆக்கினியள். மெர்சி. விருந்தாளியெண்டால் வெளிக்கிட வேணுமெல்லோ. திரான்சிக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"மிருணா, சபையிலை என்ர முகம்..."

"முகத்தைப் பாத்துத்தான் சொல்லுறன்."

கூட்டம் பசியோடு கலைந்தது. லூர்துசாமி அறிக்கையில் ஒன்றைப் பதிவு செய்தார்: சீனர் சொன்ன நெறியைத் திருமண நாள் முதல் ஒரு நாளும் தவறாமல் கடைப்பிடித்தவர் நம் தலைவரே.

அடுத்த கிழமை ஒரு காலையில் திரான்சியில் மிருணாளினியின் தொலைபேசி ஒலித்தது. பின்னால் குழந்தைகள் அழும் சத்தம்.

"மிருணா, தேயிலை கண்டுபிடிச்சிட்டன். சீனி எங்கை?"

"வீட்டுக்காரரைக் கேளுங்கோ," என்று அவர் வைத்துவிட்டார்.

ஞானசுந்தரம் சொன்னதைச் செய்கிறவர். வரவேற்பறையைப் பார்த்தார், அறையைப் பார்த்தார், குசினியைப் பார்த்தார். அப்படி ஒருவர் அந்த வீட்டில் என்றைக்குமே இருந்ததில்லை.